அளவெட்டிக்கு வந்த கடல்

உடுப்பிட்டி,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

என் அன்பு மகள் நிமலினிக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மருமகன் றொபினும், உன் வயிற்றில் இருக்கிற எங்கள் சின்ன ஆளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேர்கனில் இன்னும் பனி கரையவில்லை என்று சொன்னாய், அடி வழுக்குகிற சப்பாத்தோடு வெளியே இறங்காதே, குப்பை போடவென்றாலும் றொபின் போகட்டும். பெரியம்மாவின் மகள் நிரோஜினி லீவு முடிந்து நாளை மறுநாள் அங்கே திரும்புகிறாள், அவளிடம் மிளகாய்த்தூளும் பத்தியக் கறிக்கான சரக்குத்தூளும் ஒடியலும் பனங்கட்டியும் கொடுத்துவிடுகிறேன், அவற்றோடு இந்தக் கடிதமும் வரும். வட்ஸ்அப் இருக்கும்போது அம்மாவுக்கு ஏன் கடிதம் என்று நீ சிரிப்பாய். நான் கதைக்கத் தொடங்கினால் அப்பா போனை வாங்கிவிடுகிறாரே, என்ன செய்வது. கார்ட் கள்ளனைத் தான் பிடித்ததாக அவர் வீடியோவில் உனக்குச் சொன்னாரே, அதில் பாதிதான் நடந்தது. மற்றப் பாதியை அவர் கிணற்றடியில் வாழைக்குத் தண்ணீர் இறைத்து மாறிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

தொடக்கி வைத்தது நீதான். நோர்வேயில் பஸ்ஸிலும் கடையிலும் ஒருவரும் காசை எட்டியும் பார்ப்பதில்லை, தேவாலயத்தில் காணிக்கைக்குக்கூட மெசினைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆகவே பிள்ளைப்பேற்றுக்கு வருவதற்கு முன் அப்பா கார்ட் பாவிக்கப் பழகிக்கொண்டு வர வேண்டும் என்று சொன்னாய். காணிக்கை மெசினை நினைத்து அவர் கொஞ்ச நாள் மனம் வருந்தினார், அதற்குப் பிறகு துணிந்துவிட்டார். நீ போன முறை வந்தபோது நெல்லியடி வங்கியில் எங்கள் இருவர் பேரிலும் திறந்து தந்த கணக்கின் கார்ட் உறையோடேயே அலுமாரிக்குள் கிடந்தது. அதை எடுத்து, அதிலுள்ள பொன் நிறச் சதுரத்தை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தார். வாழ்நாள் முழுக்கச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த மனிதர், கிருமி இல்லை என்று தெரிந்தால்தான் எதையும் தொடங்குவார். பிறகு பிஸ்கட் பெட்டி ஒன்றில் கத்தியால் வெட்டி ஒரு வாய் வைத்து அதை மெசின் என்றார், என்னைக் காசாளர் என்றார். சிப் இருக்கிற பக்கம் முன்னே போக அவர் கார்ட்டைச் செருக வேண்டும், நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அங்கீகரிக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர் எடுப்பார். அடுப்பில் பருப்பு பொங்குகிற நேரத்தில் நான் கெதியாகச் சொல்லிவிட்டால் ஏற்றுக்கொள்ள மாட்டார், உண்மையான மெசின் அப்படி அவசரப்படாது, வேலை முடிய முதல் கார்ட்டை இழுத்தால் எல்லாம் பிழையாகிவிடும் என்று நீ சொன்னாய் என்று எனக்கே பாடம் எடுப்பார். அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் பருப்பு அடிப்பிடித்ததற்கு நீதான் பொறுப்பு.

பெட்டியில் தேறிய பிறகு வெளியில் பார்க்கலாம் என்று புறப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் கண் வைத்தியரிடம் போன அன்று மத்தியானம் ஒரு சாப்பாட்டுக்கடையில் சாப்பிட்டோம். சாப்பாடு நல்லது, கணவாய்க் கறி நீ வைப்பது போல இருந்தது. பில் வந்தது, அப்பா கார்ட்டை எடுத்து வைத்தார், பரிமாறின ஆள் அதைப் பில் கொப்பியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். கார்ட்டை ஒருநாளும் கண்ணை விட்டு மறைய விடக்கூடாது என்று நீ அவருக்குச் சொல்லியிருந்தாய் அல்லவா. அப்பா கதிரையைத் தள்ளிவிட்டு அவருக்குப் பின்னால் போனார். அந்த ஆள் நில்லுங்கோ ஐயா, இப்ப கொண்டுவாறன் என்று சொல்லியிருக்கிறார். "கார்ட் போற இடத்துக்கு நானும் வருவன்," என்று அப்பா சொன்னது எனக்கு மேசையில் இருந்தே கேட்டது. அந்தக் கடையில் மெசின் இருந்தது குசினிக்குள். குசினிக்குள் கால் வைத்தவுடன் மனிதருக்குக் கார்ட் மறந்துபோய்விட்டது, பழைய வேலை நினைவுக்கு வந்துவிட்டது. சம்பல் சட்டிக்கு மூடி எங்கே, கையுறை எங்கே, வெட்டுகிற பலகை ஏன் ஈரமாகக் கிடக்கிறது என்று தொடங்கினார். சமையல்காரர் முந்தி அப்பா சோதிக்கப் போகிற சுன்னாகக் கடை ஒன்றில் வேலை செய்தவராம், அப்பாவைக் கண்டதும் முகத்தைத் தெரிந்துகொண்டு அகப்பையை வைத்துவிட்டு நேராக நின்றுவிட்டார். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார் என்பது அந்தக் குசினியில் ஒருவருக்கும் தெரியாது, அவரும் சொல்லவில்லை. கடைசியில் கடை முதலாளியே மெசினைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார், சாப்பாட்டுக்குக் காசு வேண்டாம் என்றார். அது கைலஞ்சம் என்று சொல்லி அப்பா கார்ட்டைச் செருகிக் கட்டிவிட்டுத்தான் எழும்பினார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு நாங்கள் போகிற எல்லா இடத்திலும் மெசினை இங்கே கொண்டுவாருங்கோ என்று நானே கேட்கிறேன், ஒருவரும் கோபிப்பதில்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. எங்கள் விசா விண்ணப்பத்தை நெல்லியடியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிற நிருஷன் நிரப்பி முடித்திருந்தான், கட்டணத்தைத் திங்கட்கிழமைக்குள் கார்ட்டால் கட்டினால் புதன்கிழமை கொழும்பில் போய்க் கைவிரல் அடையாளம் கொடுக்கலாம், அந்தத் திகதி தவறினால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது என்று சொல்லியிருந்தான். எனக்கு வேறு எந்த நினைவும் இல்லை. உன் முதல் பிள்ளை, அங்கே உனக்கு ஒரு கை உதவிக்கு ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து நல்லூரில் உன் மாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு சுப்பர் மார்க்கெட்டுக்குள் ஓட்ஸும் சவர்க்காரமும் வாங்க ஏறினோம். பின் இலக்கத்தை அடிக்கும்போது கையால் மறைக்கச் சொல்லி நீ சொன்னாய், கையால் மட்டும்தான் சொன்னாய். அவர் தொப்பியைக் கழற்றி மெசினுக்கு மேலே கவிழ்த்து, அதற்குள்ளே கையை விட்டு அடித்தார். மெசின் பிழை என்றது. பின்னால் நிற்கிற சனம் பார்க்கிறது என்று தொப்பியை இன்னும் இறுக்கி வைத்து அடித்தார், திரும்பவும் பிழை. அவருக்கு இலக்கம் மறக்கவில்லை, அவருடைய விரலுக்குத்தான் கண் இல்லை. நான் தொப்பியை எடுங்கோ எடுங்கோ என்று காதுக்குள் சொல்லச் சொல்ல மூன்றாம் தரமும் அடித்தார், கார்ட் பூட்டுப்பட்டுவிட்டது. சாமான்களை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் வீடு வரைக்கும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். சனிக்கிழமை பின்னேரம், வங்கி பூட்டு. நான் இரவு முழுக்க உன்னையும் விசாவையும் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து வீட்டுக்குள் வருகிறோம், அப்பாவின் போன் அடிக்கிறது. இனித்தான் அவர் உனக்குச் சொல்லாத பகுதி. எடுத்தால் வங்கியிலிருந்து கதைக்கிறேன் ஐயா, உங்கள் கார்ட் பூட்டுப்பட்டிருக்கிறது, சிப்பைப் புதுப்பிக்க வேண்டும், இப்போதே திறந்து தரலாம் என்று ஒருவன் சொல்கிறான். எங்களுக்கு அது வானத்திலிருந்து வந்த உதவி போல இருந்தது, கார்ட் பூட்டுப்பட்டது வங்கிக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். மிகவும் பணிவான குரல், சொல்லுக்குச் சொல் ஐயா. கார்ட்டின் முன்பக்கத்து இலக்கத்தைக் கேட்டான், அப்பா ஒவ்வொன்றாக வாசித்தார். முடிவடைகிற திகதியைக் கேட்டான், அதையும் வாசித்தார். பின்பக்கத்து மூன்று இலக்கத்தை, சின்ன எழுத்து என்றபடியால், நானே வெளிச்சத்தில் பிடித்து வாசித்துக் கொடுத்தேன். இப்போது போனுக்கு ஒரு செய்தி வரும், அதிலிருக்கிற இலக்கத்தை மட்டும் சொல்லுங்கள் ஐயா, வேலை முடிந்துவிடும் என்றான். செய்தியும் வந்தது. அதை வாசிக்க அப்பாவுக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி ஆராதனைக்குக் கொண்டுபோன பைக்குள். நான் ஓடிப்போய்ப் பையைக் கவிழ்த்துத் தேடுகிறேன். பிள்ளை, கண்ணாடி தேடுகிற அந்தக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க உன் அப்பாவால் முடியுமா. தம்பி எந்த ஊர் என்று கேட்டார்.

அவன் அளவெட்டி என்றான். அவனுக்கு யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, அப்பா அங்கே எத்தனை வருடம் வேலை செய்தவர், குளோரின் போடாத கிணறு கிடையாது. மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அளவெட்டியில் எவடம், ஆருடைய மகன், எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்கிறார். அவன் கொஞ்சம் தடுமாறிவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஐயா, எங்கள் வீட்டிலிருந்து அலைச் சத்தம் கேட்கும் என்றான். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன், அப்பா அதை வாங்கவில்லை. நான் அவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டே நிற்கிறேன். வயலும் தோட்டமும் தவிர அந்த ஊரில் என்ன இருக்கிறது, கடலுக்குப் போவதென்றால் பஸ் எடுக்க வேண்டும்.

"அளவெட்டியிலை எப்ப கடல் வந்தது, தம்பி?"

அவன் பணிவை விட்டுவிட்டு, நேரமில்லை, நம்பரைச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் கார்ட் ஒரேயடியாகப் போய்விடும் என்று சத்தம் வைத்தான். சொல்லுங்கோ சொல்லுங்கோ என்று நான் அப்பாவின் கையை உலுப்பினேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அளவெட்டிக்குக் கடல் கொண்டுவந்தவனுக்கு நான் ஒரு நம்பரும் சொல்லமாட்டன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கள்ளன் என்று தெரிந்துதான் வைத்தார் என்று நீ நினைக்கிறாய், அப்படித்தான் அவர் உனக்குச் சொன்னார். உண்மை என்னவென்றால் அவருக்கு அப்போது அவன் வங்கிக்காரன்தான், ஆனால் ஊரைப் பொய் சொன்ன வங்கிக்காரன், அந்தக் கோபம். எனக்கோ அவர் மேல் கோபம். கார்ட்டைத் திறந்து தர வந்த மனிதனை ஊர்க் கதை கேட்டுத் துரத்திவிட்டீர்களே, என் பிள்ளையின் பேற்றுக்கு நான் போக வேண்டாமா என்று அழுதேன். அவர் பொய்யனுக்கு நான் ஏன் இலக்கம் சொல்ல வேண்டும் என்று அதிலேயே நின்றார். அன்று மத்தியானம் இறால் கறியை ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை வங்கி திறக்க முன்னமே போய் வாசலில் நின்றோம். தர்சினி என்று ஒரு பிள்ளை, கார்ட் விஷயங்களைப் பார்க்கிறவள், நடந்ததைச் சொல்லச் சொல்ல அவளுக்கு முகம் மாறிப்போய்விட்டது. முதலில் அந்தக் கார்ட்டை நிற்பாட்டினாள், பிறகுதான் எங்களை இருக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வங்கியில் ஒரு சீவனும் இல்லை அங்கிள் என்றாள். கார்ட் பூட்டுப்பட்டது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன், அவனுக்குத் தெரியாது, எல்லாருக்கும் அதைத்தான் சொல்வான்கள், எங்களுக்கு உண்மையாகவே பூட்டுப்பட்டிருந்தபடியால் நம்பிவிட்டோம் என்றாள். அந்தச் செய்தியில் வந்த இலக்கத்தைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நீ எங்கள் பயணத்துக்கு அனுப்பின அவ்வளவும் போயிருக்குமாம். சிப் வைத்த கார்ட்டைப் போல இன்னொன்று செய்வது சரியான கஷ்டம், அதனால்தான் கள்ளர்கள் கார்ட்டை விட்டுவிட்டு எங்கள் வாயைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினாள். அவள் சொன்ன ஒன்றை நான் அப்படியே எழுதுகிறேன், நீயும் றொபினும் கேட்டுக்கொள்ளுங்கள். "அன்ரி, பாங்கிலையிருந்து ஒருத்தரும் அந்த நம்பரைக் கேக்கமாட்டினம். நானே எடுத்துக் கேட்டாலும் சொல்லாதேங்கோ." அப்பா உடனே நிமிர்ந்து இருந்துகொண்டு, தனக்கு அது முதலே தெரியும், அதனால்தான் ஊர் விசாரித்துச் சோதித்ததாகச் சொன்னார். தர்சினி நல்ல வேலை செய்தீர்கள் அங்கிள் என்று பாராட்டினாள், பக்கத்து மேசைப் பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

ஆனால் புதுக் கார்ட் வர ஒரு கிழமைக்கு மேல் செல்லும் என்றாள், எங்களுக்கு அன்று பின்னேரம் வரைக்கும்தான் தவணை. என் கண்ணீரைக் கண்டோ என்னவோ கணினியைத் திரும்பவும் பார்த்துவிட்டு, கணக்கு இரண்டு பேர் பேரிலும்தானே இருக்கிறது, அன்ரிக்கு ஏன் கார்ட் எடுக்கவில்லை, பெயர் அடிக்காத கார்ட் ஒன்று இப்போதே தரலாம் என்றாள். எனக்கு எதற்கு என்று வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அப்பாவும் தடுக்கவில்லை. கையொப்பம் வைத்தேன், கார்ட்டைத் தந்தாள், வெளியிலிருந்த மெசினில் நானே இலக்கம் அமைத்தேன். பிறந்த வருடம், போன் இலக்கம் ஒன்றும் வைக்கக்கூடாது என்றாள், வைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. சைக்கிள் நிற்பாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் குந்தியிருந்தார், தொப்பி கையில். ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தேவி, கண்ணாடி கிட்ட இருந்திருந்தா நான் சொல்லியிருப்பன்."

ஊரெல்லாம் கிணறு கிணறாக இறங்கிப் பார்த்த மனிதர், ஒருவரிடமும் ஏமாறாதவர் என்று பெயர் எடுத்தவர். எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் கண்ணாடியைக் கொண்டு ஓடிவந்தவள்தானே என்று சொல்லி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன், பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சைக்கிள் எடுக்க வந்த ஆட்கள் பார்க்கும்படி சிரித்தோம். இதை அவர் உனக்குச் சொல்லவில்லை, நீயும் தெரிந்ததாகக் காட்டாதே. கள்ளனைப் பிடித்த கதையை அவர் சொல்லும்போதெல்லாம் புதிதாகக் கேட்பது போலக் கேள்.

அங்கிருந்து நேரே நிருஷனின் கடைக்குப் போனோம். அவன் பக்கத்தைத் திறந்து தந்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான், நல்ல வளர்ப்பு. கார்ட் இலக்கத்தை நானே தட்டினேன், போனுக்கு வந்த இலக்கத்தையும் நானே பார்த்துத் தட்டினேன். நான் திறந்த பக்கத்தில் நான் கட்டுகிற காசுக்கு நானே தட்டலாம், கேட்கிற ஒருவருக்கும் சொல்லத்தான் கூடாது, அந்த வித்தியாசம் இப்போது எனக்கு நன்றாக விளங்குகிறது. கட்டணம் கிடைத்தது என்று வந்ததும் நிருஷன்தான் கை தட்டினான், அப்பா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். புதன்கிழமை கொழும்பில் விரல் வைத்தோம், கடவுச்சீட்டுகள் போன வியாழன் விசாவோடு வந்துவிட்டன. ரிக்கட் அடுத்த மாதம் பத்தாம் திகதி, விபரமெல்லாம் அப்பா போனில் சொல்லுவார், அதை நான் அவருக்கு விட்டுவிட்டேன்.

நேற்று நான் தனியாக நெல்லியடிக்குப் போனேன். பிள்ளைக்கு மெல்லிய பருத்தித் துணி, தொப்பி, சின்னக் காலுறை எல்லாம் எடுத்தேன், மஞ்சள் நிறத்தில், ஆணோ பெண்ணோ இரண்டுக்கும் பொருந்தும். கார்ட்டைச் செருகினேன், இடது கையால் மறைத்தேன், அடித்தேன், எடுக்கச் சொல்லும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். சீட்டு வந்தது. கடையில் நின்ற பிள்ளை யாருக்கு அன்ரி என்று கேட்டாள், என்ரை பேரப்பிள்ளைக்கு என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் உன் அப்பாவிடம் கேட்காமல் நான் கடையில் வாங்கின முதல் சாமான் அது. வீட்டுக்கு வந்தால் போனுக்கு வந்த வங்கிச் செய்தியைப் பார்த்துவிட்டு வாசலில் நிற்கிறார், என்ன வாங்கினீர் என்று கேட்கிறார். காட்டினேன். காலுறை ஒன்றை எடுத்துப் பெருவிரலில் மாட்டி வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

சரி பிள்ளை, வாழைக்குத் தண்ணீர் மாறி முடிந்துவிட்டது போலிருக்கிறது, வாளிச் சத்தம் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே, கால் வீங்கினால் வைத்தியரிடம் மறைக்காதே. றொபினை இரவு வேலையைக் குறைக்கச் சொன்னதாகச் சொல்லு. சரக்குத்தூளை ஈரம் படாமல் வை, அதை வைத்துச் சமைக்க நான் வருகிறேன். உன்னைக் கருவில் எனக்குத் தந்தவர் உன் பிள்ளையையும் சுகமாக உன் கையில் தருவார், உங்கள் மூவரையும் அவருடைய செட்டையின் நிழலில் வைத்துவிட்டு எழுதி முடிக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இரவில் வயிற்றில் கை வைத்து அந்தச் சின்ன ஆளோடு கதைப்பாய் அல்லவா, அப்போது சொல்லு, உடுப்பிட்டியிலிருந்து அம்மம்மா பத்தாம் திகதி புறப்படுகிறா, அதுவரைக்கும் அவசரப்படாமல் அங்கேயே இருக்கட்டுமாம் என்று.

மாறாத அன்போடும் ஆசீர்வாதத்தோடும்,
உன் அம்மா,
தேவமலர் நேசராஜா